ஐங்காலி

உங்கள் ஆபீஸில் நீங்கள் உட்காரும் நாற்காலிக்கு எத்தனை கால்? யோசிக்காமல் 'நாலு' என்று சொல்லியிருந்தால், ஒரு தடவை குனிந்து எண்ணிப் பாருங்கள். ஐந்து இருக்கும். நடுவில் ஒரு தண்டு, அதிலிருந்து நட்சத்திரம் மாதிரி பிரியும் ஐந்து கைகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சக்கரம். சுழல்கிற, உருள்கிற, பின்னால் சாய்கிற ஒரு பொருளுக்கு நாலு கால் வைத்தால் ஒரு பக்கமாகச் சாயும்போது குடை சாய்ந்துவிடும். அதனால் ஐந்தாக்கினார்கள். ஆக, நியாயமாகப் பார்த்தால் அது நாற்காலியே இல்லை. ஐங்காலி. கால் ஒன்று கூடிப் பல வருஷம் ஆகியும் பெயரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. தினமும் எட்டு மணி நேரம் அதன் மேல்தான் வாசம், ஆனால் அதை யாரும் பார்ப்பதில்லை.

2020 ஊரடங்குக்குப் பிறகு கொஞ்சம் பார்க்க ஆரம்பித்திருக்கிறோம். ஆபீஸ் வீட்டுக்கு வந்தது, நாற்காலி கூட வரவில்லை. டைனிங் டேபிள் சேரில் தலையணை, பிளாஸ்டிக் சேரில் இரண்டு தலையணை, கட்டிலில் லேப்டாப் என்று வேலை பார்த்துப் பலருக்கு முதுகு என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து 'முதுகு போச்சு சார், எந்த சேர் வாங்கலாம்?' என்று யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். கேட்பவர் அடுத்த வரியிலேயே கொஞ்சம் கூச்சத்தோடு இன்னொன்றும் சொல்வார். 'உட்கார்றதுக்குப் போய் பதினஞ்சாயிரம் செலவு பண்ணணுமா? எங்கப்பா முப்பத்தஞ்சு வருஷம் மரச் சேர்ல உட்கார்ந்தே ரிட்டையர் ஆனாரு.'

முதல் கேள்வி சுலபம். இரண்டாவதுதான் விஷயம். சுலபமானதை முதலில் முடித்துவிடலாம்.

உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிய வேண்டும். இதில்தான் நம் ஊர்ப் பெண்கள் பலருக்கு முதல் தொல்லை. உயரமான ஆட்களை மனதில் வைத்துச் செய்த நாற்காலியை எவ்வளவு கீழே இறக்கினாலும் கால் அந்தரத்தில் தொங்கும். தொங்கும் காலின் கனம் தொடையின் அடிப்பக்கத்தை நாற்காலி விளிம்போடு சேர்த்து அழுத்தும், ஒரு மணி நேரத்தில் மரத்துப் போகும். அதற்கு புது நாற்காலி வேண்டாம், பரணில் கிடக்கும் பழைய மணையை எடுத்துக் காலுக்கு அடியில் போட்டால் போதும். அடுத்தது, முதுகு சாய்மானத்தில் ஒட்டியிருக்கும்போது முழங்காலுக்குப் பின்பக்கம் இரண்டு மூன்று விரல் நுழைய இடம் இருக்க வேண்டும். பெல்ட் கட்டும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே முதுகு உள்வாங்கும் அல்லவா, அங்கே நாற்காலி முன்னால் வந்து தாங்க வேண்டும். கைப்பிடி மேஜைக்கு அடியில் போகாவிட்டால் நாற்காலி மேஜையிடம் போகாது, நீங்கள்தான் குனிந்து போவீர்கள்.

சென்னை வெயிலுக்கு ரெக்ஸின் வேண்டாம், வலை முதுகு நல்லது. முக்கியமாக, கடையில் இரண்டு நிமிஷம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாங்காதீர்கள். பஞ்சு மாதிரி உள்ளே அமுங்கும் நாற்காலிதான் முதல் இரண்டு நிமிஷத்தில் ஜெயிக்கும். அதன் குணம் இருபதாவது நிமிஷத்தில்தான் தெரியும். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும். முதுகு உங்களுடையது.

சரி, இவ்வளவையும் பார்த்து வாங்கிவிட்டால் முதுகுவலி போய்விடுமா? போகாது. இதை எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டார்.

ஸ்வீடனில் ஆல்ஃப் நாகெம்சன் என்று ஓர் எலும்பு மருத்துவர். 1960-களில் சில தொண்டர்களின் முதுகெலும்புத் தட்டுக்குள் மெல்லிய ஊசி வழியாக அழுத்தமானியைச் செலுத்தி, எந்த நிலையில் எவ்வளவு அழுத்தம் என்று அளந்தார். தொண்டர்கள் என்றால் சாதாரணத் தொண்டர்கள் இல்லை, நிஜமான தியாகிகள்! நேராக நிற்கும்போது அழுத்தம் 100 என்று வைத்துக்கொண்டால், மல்லாந்து படுத்தால் 25. சாய்மானம் இல்லாமல் உட்கார்ந்தால் 140. உட்கார்ந்தபடி முன்னால் குனிந்தால் 185. அதாவது உட்காருவது ஓய்வு என்று நாம் நினைக்கிறோம், முதுகெலும்பு அப்படி நினைக்கவில்லை. 1999-ல் ஜெர்மனியில் நவீனக் கருவியோடு மறுபடி அளந்தபோது, உட்காருவது அவ்வளவு மோசம் இல்லை, நன்றாகப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தால் நிற்பதைவிடக் குறைவு என்று வந்தது. எண்களில் சண்டை இருந்தாலும் இரண்டு ஆய்வும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன: சாய்ந்தால் குறையும், குனிந்தால் கூடும்.

அந்தத் தட்டுகளைப் பற்றி இன்னொரு விஷயம். வளர்ந்த மனிதனின் முதுகெலும்புத் தட்டுக்குள் ரத்தக் குழாய் ஏறக்குறைய கிடையாது. அழுத்தும்போது நீர் வெளியேறி, விடும்போது உள்ளே வந்து, அந்தப் போக்குவரத்தில்தான் அதற்குச் சாப்பாடு போகிறது. ஸ்பாஞ்சை நினைத்துக்கொள்ளுங்கள். அசையாமல் வைத்திருந்தால் பட்டினி. எனவே உலகத்திலேயே அருமையான நாற்காலியில், பாடப்புத்தகத்தில் படம் போட்டிருக்கிற மாதிரி தொண்ணூறு டிகிரியில், சாமி சிலை போல நாலு மணி நேரம் உட்கார்ந்தாலும் முதுகுக்கு அது தண்டனைதான். நல்ல நாற்காலி என்பது உங்களைச் சரியாக உட்கார வைப்பது அல்ல. சாயவும், நிமிரவும், நகரவும், எழுந்து போகவும் தடை சொல்லாமல் விடுவது.

அதனால்தான் லண்டன் பஸ் கதை எனக்குப் பிடிக்கும். ஜெர்ரி மோரிஸ் என்ற டாக்டர் லண்டனின் மாடி பஸ் ஊழியர்களை ஆராய்ந்து 1953-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் டிரைவர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. உலகமே இதைப் பிடித்துக்கொண்டது. மூன்று வருஷம் கழித்து அதே மோரிஸ், சீருடை ரிஜிஸ்டரை எடுத்துப் பார்த்து, டிரைவர்கள் கண்டக்டர்களைவிடப் பெரிய சைஸ் கால்சட்டை போடுகிறார்கள், அதுவும் இளம் வயதிலேயே அப்படித்தான் என்று தானே எழுதினார். அப்படியானால் உட்கார்ந்ததால் வியாதி வந்ததா, ஆளே வேறு மாதிரியா? தன் கண்டுபிடிப்பைத் தானே குடைகிற விஞ்ஞானியைப் பார்த்தால் ஒரு சந்தோஷம் வருகிறது. 'உட்காருவது புகைபிடிப்பதற்குச் சமம்' என்று இன்றைக்கு ஆளாளுக்குச் சொல்வது எனக்கு மிகையாகப் படுகிறது. சிகரெட்டுக்கு நல்ல பக்கம் கிடையாது. உட்காருவதற்கு உண்டு. அதைத் தெரிந்துகொள்ள, உட்காரக் கூடாது என்று உத்தரவு வாங்கியவர்களைக் கேட்க வேண்டும்.

அவர்களிடம் வருவதற்கு முன்னால், நாற்காலிக் கடை கேட்டலாகைக் கொஞ்சம் புரட்டுவோம்.

'டைரக்டர் சேர்', 'எக்ஸிக்யூட்டிவ் சேர்', 'ஸ்டாஃப் சேர்', 'விசிட்டர் சேர்'. கவனித்தீர்களா? செருப்புக் கடையில் ஆறு, ஏழு, எட்டு என்று காலின் அளவைக் கேட்கிறார்கள். நாற்காலிக் கடையில் உத்தியோகத்தைக் கேட்கிறார்கள். டைரக்டருக்குத் தலை வரைக்கும் சாய்மானம், குஷன் வைத்த கைப்பிடி. ஸ்டாஃபுக்குப் பாதி முதுகு. டைரக்டர் ஒரு நாளில் அந்த நாற்காலியில் எத்தனை மணி நேரம் இருக்கிறார்? மீட்டிங், ஏர்போர்ட், கிளப் போக மிச்ச நேரம். பத்து மணி நேரம் அசையாமல் எண்களைத் தட்டும் டேட்டா என்ட்ரி பெண்ணுக்குத்தான் கைப்பிடி இல்லாத, கேஸ் இறங்கிப்போன ஸ்டாஃப் சேர். அதிக நேரம் உட்காருகிறவருக்கு மட்டமான நாற்காலி, குறைந்த நேரம் உட்காருகிறவருக்கு உயர்ந்த நாற்காலி. உடம்புக்குச் செய்த பொருள் என்றால் இது தலைகீழ். அந்தஸ்துக்குச் செய்த பொருள் என்றால் சரி.

அரசு அலுவலகங்களில் இன்னும் வெளிப்படை. பெரிய அதிகாரியின் நாற்காலி முதுகில் வெள்ளை டர்க்கி டவல் போட்டிருக்கும். ஃபேன்கூடச் சரியாகச் சுற்றாத காலத்தில் வேர்வை ஊறாமல் இருக்கப் போட்ட துண்டு. ஏ.சி. வந்த பிறகும் போகவில்லை. வேர்வை நின்றுவிட்டது, துண்டு பதவியாகிவிட்டது. பதவிக்கு நாம் வைத்திருக்கும் வார்த்தையே நாற்காலிதானே? 'நாற்காலிக்கு அடிச்சிக்கிறாங்க' என்றால் யாரும் மரச் சாமானை நினைப்பதில்லை. இலங்கைத் தமிழர்கள் தலைவரைத் 'தவிசாளர்' என்கிறார்கள். தவிசு என்றால் ஆசனம்.

இந்த வரிசையைக் கலைக்க ஒரு முயற்சி நடந்தது. அமெரிக்காவில் பில் ஸ்டம்ஃப், டான் சாட்விக் என்ற இரண்டு வடிவமைப்பாளர்கள், ஹெர்மன் மில்லர் கம்பெனிக்காக முதலில் வயதானவர்களுக்கு ஒரு நாற்காலி செய்யப் பார்த்தார்கள். நெடுநேரம் சாய்ந்தே இருப்பவர்களுக்கு மெத்தையின் சூட்டாலும் அழுத்தத்தாலும் புண் வரும். அதற்காகப் பஞ்சையே தூக்கிவிட்டு வலையை இழுத்துக் கட்டினார்கள். அந்தத் திட்டம் அப்படியே நின்றுபோக, வலை மட்டும் 1994-ல் 'ஏரான்' என்ற ஆபீஸ் நாற்காலியாக வந்தது. அதில் ஏ, பி, சி என்று மூன்று அளவு. குள்ளமான முதலாளிக்கு ஏ, உயரமான குமாஸ்தாவுக்கு சி. உத்தியோகத்தை வீட்டில் வைத்துவிட்டு உடம்போடு வா என்று சொன்ன நாற்காலி! அப்புறம் என்ன ஆனது? கலிஃபோர்னியாவில் இன்டர்நெட் கம்பெனிகள் பணத்தில் மிதந்தபோது டஜன் டஜனாக அதை வாங்கிப் போட்டார்கள். அதுவே அந்தஸ்தாகிவிட்டது. 2000-க்குப் பிறகு கம்பெனிகள் கவிழ்ந்தபோது காலியான ஹாலில் அனாதையாக நின்ற ஏரான்கள்தான் அந்த வீழ்ச்சியின் சின்னம். இன்றைக்கு நம் ஊரில் அது ஒரு லட்ச ரூபாய்க்கு மேல். அந்தஸ்தை வெளியேற்றச் செய்த பொருளின் மேலேயே அந்தஸ்து ஏறி உட்கார்ந்துகொண்டது.

உட்காருவதில் யார் மேலே, யார் கீழே என்ற கணக்கு நமக்கு அமெரிக்காக்காரன் சொல்லித்தர வேண்டியதில்லை. 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியின் படம் ஒன்று எல்லாப் பேப்பரிலும் வந்தது. மற்றவர்கள் நாற்காலியில். ஊராட்சித் தலைவியான தலித் பெண் தரையில். ஓட்டு வாங்கி ஜெயித்தவர், சட்டப்படி அந்தக் கூட்டத்துக்கே தலைவர். அந்த அறையில் நாற்காலிக்குப் பஞ்சமில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை மறுப்பதற்கு முதுகெலும்பு விஞ்ஞானத்தில் ஒரு காரணமும் கிடையாது. மறுக்கப்பட்டது நாற்காலியே இல்லை என்பது மறுத்தவர்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

இப்போது நிற்பவர்களிடம் வருவோம். தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகிறீர்கள். மூன்றாவது மாடி, பட்டுப் புடவை. கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் இருபது வயதுப் பெண். காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தவர், நீங்கள் போவது ராத்திரி எட்டு மணிக்கு. கூட்டமே இல்லாத மத்தியானத்திலும் அவர் நின்றுகொண்டுதான் இருந்தார். 2010-ல் வந்த வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' பார்த்தவர்களுக்கு இந்த இடம் புதிது அல்ல.

நின்றால் என்ன ஆகும்? காலில் இருக்கிற ரத்தம் இதயத்துக்கு மேல்நோக்கி ஏற வேண்டும். ஏற்றிவிடுவது கெண்டைக்கால் தசை. நடக்கும்போது அது பிழிந்து பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளும். சிரைகளுக்குள் சின்னச் சின்ன வால்வுகள் இருந்து, ஏறினது இறங்காமல் தடுக்கும். ஒரே இடத்தில் நின்றால் பம்ப் வேலை செய்யாது, ரத்தம் தேங்கும், சிரை வீங்கும், வால்வு பழுதாகும். பச்சையாக, கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு தெரியும். 'நரம்பு சுருட்டிக்கிச்சு' என்பார்கள். ராமஸினி என்ற இத்தாலிய மருத்துவர் 1700-ல் தொழிலாளர் வியாதிகள் பற்றி எழுதிய புத்தகத்திலேயே இது இருக்கிறது. நின்றே வேலை செய்பவர்களுக்கு ஓர் அத்தியாயம், உட்கார்ந்தே வேலை செய்யும் தையற்காரர்களுக்கும் சக்கிலித் தொழில் செய்பவர்களுக்கும் ஓர் அத்தியாயம். முன்னூறு வருஷத்துக்கு முன்னாலேயே அவருக்குப் புரிந்தது: குற்றவாளி நிற்பதும் இல்லை, உட்காருவதும் இல்லை. மாற விடாமல் பிடித்து வைப்பது.

சட்டமும் புதிது அல்ல. இங்கிலாந்தில் 1899-லேயே, கடையில் வேலை பார்க்கும் மூன்று பெண்களுக்கு ஓர் இருக்கையாவது போட வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். நம் 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு, நின்று வேலை செய்கிறவர்கள் சந்தர்ப்பம் கிடைக்கும்போது உட்கார வசதி வேண்டும் என்றது. ஆலைக்கு இருந்த அந்த விதி ஜவுளிக் கடைக்கு வருவதற்குள் எழுபது வருஷம் ஓடிவிட்டது. அதற்கும் கேரளத்துப் பெண்கள் சண்டை போட வேண்டியிருந்தது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை செய்த விஜி என்பவர் கடைப் பெண்களைத் திரட்டிப் 'பெண்கூட்டு' ஆரம்பித்தார். முதலில் கேட்டது கழிப்பறை. பிறகு கேட்டது உட்கார அனுமதி. திருச்சூரில் ஒரு பெரிய ஜவுளிக் கடையின் பெண்கள் 2014 கடைசியில் தொடங்கி மூன்று மாதத்துக்கும் மேல் கடை வாசலில் உட்கார்ந்தே போராடினார்கள். அதற்கு மலையாளத்தில் 'இரிக்கல் சமரம்' என்று பெயர். தமிழ்க் காதில் அது வேறு மாதிரியும் விழுகிறது. நமக்கு 'இரு' என்றால் உட்காரு, காத்திரு, உயிரோடு இரு எல்லாம்தான். வீட்டுக்கு வந்தவரை 'இருங்க' என்கிறோமே, அதில் எந்த அர்த்தம் என்று பிரித்துச் சொல்ல முடியுமா?

2018-ல் கேரளம் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு, 1947-ஆம் வருஷத்துக் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்பு கிடைக்கும்போது உட்காரலாம். அவ்வளவுதான் சட்டம். உட்கார்ந்தே இருக்கலாம் என்றுகூடச் சொல்லவில்லை, மாற்றிக்கொள்ளலாம் என்கிறது.

கடை முதலாளி பக்கம் கேட்டால், 'நானும் பத்து வயசுல பெட்டியடியில நின்னுதான் சார் மேல வந்தேன்' என்பார். பொய் இல்லை. ஆனால் 'நான் பட்டேன், நீயும் படு' என்பது மாமியார் நியாயம், தொழில் நியாயம் இல்லை. அடுத்து, 'உட்கார்ந்தா அசந்துடுவாங்க' என்பார். அசந்தால் எழுப்புவதற்குத்தானே மாடிக்கு ஒரு சூப்பர்வைசர்? மூன்றாவதாக ஒன்று சொல்வார். அதற்குத்தான் என்னிடம் சட்டென்று பதில் இல்லை. 'கஸ்டமர் வரும்போது உட்கார்ந்திருந்தா மரியாதை இல்லைம்பாங்க சார்.'

கஸ்டமர் என்றால் யார்? நீங்களும் நானும்.

உண்மையைச் சொல்லுங்கள். கடைக்குள் நுழைகிறீர்கள், அந்தப் பெண் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே 'என்னக்கா வேணும்?' என்றால் ஒரு விநாடி சுருக்கென்று இருக்காதா? பேங்க் மேனேஜர் உட்கார்ந்துகொண்டு பேசினால் அப்படி இருப்பதில்லை. டாக்டர் உட்கார்ந்துகொண்டு பேசினால் இருப்பதில்லை. இந்தப் பெண் மட்டும் எழ வேண்டும் என்று நமக்குள் யாரோ கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கைத்தான் முதலாளி படிக்கிறார். அபார்ட்மென்ட் மீட்டிங்கில் 'வாட்ச்மேனுக்கு சேர் கொடுத்தா தூங்கிடறான்' என்று ஒருவர் எழுந்து பேசுவார். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் போடுகிற ஆளைப் பற்றி. பேசுகிறவரின் வீட்டில் முதுகுக்குத் தனியாக, கழுத்துக்குத் தனியாக அட்ஜஸ்ட் செய்யும் நாற்காலி இருக்கும். அது பழசானதும் எங்கே போகும் தெரியுமா? கேட்டுக்குத்தான். நம் ஊர் ஐங்காலிகளின் கடைசிக் காலம் பெரும்பாலும் வாட்ச்மேன் வசம். கைப்பிடி உடைந்து, ஒரு சக்கரம் கழன்று, நிஜமாகவே நாற்காலியாகி வந்து சேரும்.

இப்போது அந்த இரண்டாவது கேள்வி. உட்காருவதற்குப் பதினைந்தாயிரம் செலவு செய்யலாமா? என் பதில்: தாராளமாக. வேலை செய்யும் உடம்புக்கு ஆகிற செலவு அது, கூச்சப்பட ஒன்றுமில்லை. மரச் சேரில் உட்கார்ந்த அப்பா டீக்கு எழுந்தார், ஃபைல் தேட எழுந்தார், பக்கத்து சீட்டுக்கு அரட்டைக்குப் போனார். உங்களுக்கு டீ தவிர எல்லாமே ஸ்கிரீனுக்குள் வந்துவிட்டது. நீங்கள் நாற்காலியைத் தியாகம் செய்தால் புடவைக் கடைப் பெண்ணுக்கு ஸ்டூல் வந்துவிடப் போவதும் இல்லை. குற்ற உணர்ச்சியை வேண்டுமானால் வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். நீங்கள் ஆபீஸில் ஆள் எடுக்கும், சாமான் வாங்கும் இடத்தில் இருந்தால், அடுத்த ஆர்டரில் கேட்டலாகைத் தலைகீழாகப் படித்துப் பாருங்கள். யார் அதிக நேரம் உட்காருகிறார்களோ அவர்களுக்கு முதலில்.

கடைக்காரர் எழுந்து நிற்பதுதான் தொன்றுதொட்ட மரியாதை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பழைய ஜவுளிக் கடைகளில் வெள்ளைத் துணி விரித்த மெத்தையில் கடைக்காரர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். எதிரே பாயில், ஜமக்காளத்தில், குடும்பத்தோடு நீங்கள். உட்கார்ந்தபடியே புடவையை விசிறி மாதிரி விரித்துப் போடுவார். மோர்கூட வரும். மரியாதைக்கு அங்கே ஒரு குறைவும் இருந்ததில்லை. கண்ணாடி கவுன்ட்டரும் மாடி மாடியாகக் கட்டடமும் வந்த பிறகுதான் ஒரு பக்கத்து ஆள் மட்டும் எழுந்து நின்றார்.

அடுத்த முறை போகும்போது கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். ஸ்டூல் இருந்தாலும் இருக்கும். அதன் மேல் பிரிக்காத புடவைக் கட்டு ஒன்று உட்கார்ந்திருக்கலாம். 'பரவாயில்லம்மா, உட்கார்ந்தே காட்டு' என்று சொல்லிப் பாருங்கள். அந்தப் பெண் உங்களைப் பார்க்க மாட்டார். முதலில் சூப்பர்வைசர் எங்கே நிற்கிறார் என்று பார்ப்பார்.